இணைப்பை யார் கையில் கொடுப்பது?

கேமரன் மலையில் செடியிலிருந்து பிரிந்த கொழுந்து யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பச்சைக் கொழுந்தின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். மூட்டையில் அழுத்தி வைத்தால் சூடேறும், சிவந்து கெடும். நிறுத்த கையோடு அது தொழிற்சாலைக்குப் போக வேண்டும். வாட்டும் தொட்டியில் பரப்பிக் காற்று ஓட்ட வேண்டும். ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம் வாடிய பிறகு உருட்ட வேண்டும். உருட்டும்போது இலையின் செல்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறைகளில் கிடந்த பாலிபீனால்களும், அவற்றை ஆக்சிஜனோடு சேர்க்கும் நொதியும் ஒன்றுகலக்கின்றன. அங்கிருந்து கணக்கு நிமிடங்களில். உலர்த்தியின் சூட்டில் நொதியை நிறுத்துவது முந்திப்போனால் தேநீரில் பச்சை வாடை. பிந்திப்போனால் சாறு மந்தம். தேயிலை விவசாயமாகத் தொடங்கி, அதே நாளிலேயே நேர மேலாண்மையாக மாறிவிடும் தொழில்.

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்துக்கு வந்தது 1885-இல். தேயிலை வர அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கைத் தேயிலையில் கைதேர்ந்த ஏ. பி. மில்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து ஏறும் மலைச்சாலை 1931-இல் திறந்தது. காடு அழித்து, சரிவில் செடி நட்டு, கொழுந்துக் கூடை சுமந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். சுங்கை பாலாஸ், புளூ வேலி போன்ற தோட்டப் பெயர்கள் இன்றும் அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் இருக்கின்றன. இப்போது மலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மிகுதி. செடிக்கு மேல் இருவர் பிடித்து நகர்த்தும் அறுவடை எந்திரமும் வந்துவிட்டது. வேலையின் ஒழுங்கு மட்டும் அப்படியே இருக்கிறது: விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவது, மேற்பார்வையாளரான மண்டோர் ஆட்களை மலைவாரியாகப் பிரித்து அனுப்புவது, கொழுந்தை நிறுத்து எழுதுவது, மாதக் கடைசியில் கிராணி, அதாவது அலுவலகக் கணக்கர், செக்ரோல் என்ற ஆள்வாரிப் பதிவேட்டைக் கூட்டிச் சம்பளம் போடுவது.

அந்தச் செக்ரோலில் ஒரு வரி தவறினால் ஒரு வீட்டின் வருமானம் குறையும். இனி வரும் பக்கங்களில் பேசப்போவது கணினிக்குள் நடக்கும் மிக நுட்பமான ஓர் ஏற்பாடு. ஆனால் அந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

தேநீர் நிறுவனம் செய்த கணினி

தேநீருக்கும் நேரம் குறித்து ஓடும் கணினி வேலைக்கும் உறவு பழையது. லண்டனில் தேயிலை விற்றும் தேநீர்க் கடைகள் நடத்தியும் வளர்ந்த நிறுவனம் ஜே. லயன்ஸ். அதன் அதிகாரிகள் இருவர் 1947-இல் அமெரிக்கா போய் அப்போதுதான் பிறந்திருந்த மின்னணுக் கணினிகளைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்தார்கள். திரும்பியதும் கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் கட்டிக்கொண்டிருந்த எட்சாக் கணினிக்கு நிறுவனம் 3,000 பவுண்டு கொடுத்தது. எட்சாக் 1949 மே மாதம் ஓடியது. அதன் அமைப்பைப் பின்பற்றி லயன்ஸ் தானே ஒரு கணினியைக் கட்டிக்கொண்டு அதற்கு ‘லியோ’ என்று பெயர் வைத்தது. 1951 நவம்பரில் லியோ தன் முதல் அலுவலக வேலையைச் செய்தது: ரொட்டிக் கூடங்களின் உற்பத்தி மதிப்பீடு. வாரந்தோறும் திரும்பத் திரும்ப, குறித்த காலத்தில் ஒரு கணினி அலுவலகக் கணக்குப் போட்டது உலகில் அதுவே முதல்முறை.

1954-இல் தேநீர்க் கடைகளின் வேலையும் லியோவிடம் வந்தது. ஒவ்வொரு பிற்பகலும் கடைகளின் தேவை தொலைபேசி வழியாகத் தலைமை அலுவலகத்துக்கு வரும். கேட்பவர்கள் அதை அட்டையில் துளையிடுவார்கள். லியோ அதைப் படித்து, எந்தக் கடைக்கு எத்தனை கேக், எந்த வண்டியில் எது என்று கணக்கிட்டுக் கொடுக்கும். மறுநாள் காலை சரக்கு கடையில் இருக்க வேண்டும். பொழுது விடிவதற்குள் முடிந்தே ஆக வேண்டிய வேலை என்ற கருத்து அலுவலகக் கணினிக்குள் நுழைந்தது இப்படித்தான்.

லியோவுக்கு இன்று நமக்கிருக்கும் ஒரு சிக்கல் இல்லை. அது ஒரு நேரத்தில் ஒரு நிரலைத்தான் ஓட்டும். ஓடும் வரை மொத்த எந்திரமும் அந்த வேலைக்கே சொந்தம். 1960-களின் தொடக்கத்தில் வந்த லியோ III பல நிரல்களை ஒன்றாக ஓட்டியது. எதை யாரோடு பகிர்வது என்ற கேள்வி அலுவலகக் கணினிக்கு வந்தது அந்தத் தலைமுறையில். அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

மூன்று வேலைகள், ஒரு தரவுத்தளம்

ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நாமே நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். செக்ரோல் இப்போது ஒரு தரவுத்தளம். ஷெட்யூலர் என்ற நிரல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று வேலைகளை எழுப்புகிறது. மாலை 6:30-க்கு, அன்று நிறுத்த கொழுந்தை ஆள்வாரியாகக் கூட்டும் வேலை. இரவு 10 மணிக்கு, தொழிற்சாலைக்கு வந்த மொத்தக் கொழுந்திலிருந்து கிடைக்கப்போகும் தூளைக் கணிக்கும் வேலை. நாலரை, ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ தூள் என்பது பொதுவான கணக்கு. மாதக் கடைசி இரவில், சம்பள வேலை.

மூன்றாவதுதான் கனமானது. 2025 பிப்ரவரி 1 முதல் மலேசியாவில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். கிலோக் கணக்கில் கூலி பெறுபவரின் மாத வருமானமும் அதற்குக் குறையக்கூடாது. ஆகவே நிரல் ஒவ்வொருவரின் எடைகளையும் கூட்டி, கூலியாக மாற்றி, 1,700-க்குக் குறைந்தால் குறையைச் சேர்த்து எழுத வேண்டும். மாலை வேலை ஓர் எடையை விட்டுவிட்டிருந்தால், சம்பள வேலை அதே தவறை ரிங்கிட்டில் எழுதும்.

நேரத்துக்கு எழுப்பும் கலை தனிக் கடல். அதிலிருந்து ஒரு துளி மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். யூனிக்ஸ் இயங்குதளத்தின் க்ரான் நிரல், 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில், நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துத் தன் அட்டவணையைப் பார்க்கும். எளிய முறை, நல்ல முறை. ஆனால் கடிகாரமே தாவினால்? 1982 புத்தாண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டன. கிழக்கு மலேசியாவோடு ஒரே நேரமாயிற்று. அந்தத் தாவலில் விழுந்த அரை மணி நேரம் நாட்காட்டியிலேயே இல்லை. அந்த அரை மணிக்குள் ஒரு வேலை குறிக்கப்பட்டிருந்தால் அது ஓடவேண்டிய நேரம் வரவே வராது. மாதக் கடைசி வேலைகளை நள்ளிரவை ஒட்டி வைப்பவர்கள் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

நம் கேள்விக்கு வருவோம். மூன்று வேலைகளும் ஒரே தரவுத்தளத்தோடு பேச வேண்டும். பேச இணைப்பு வேண்டும். அந்த இணைப்பு வேலையின் கையில் எப்படி வந்து சேர்கிறது?

இணைப்பு என்பது ஒரு பேச்சு

இணைப்பு என்றதும் ஒரு கம்பியையோ குழாயையோ மனம் கற்பனை செய்கிறது. குழாயாக இருந்தால் எத்தனை பேர் வேண்டுமானாலும் அதில் தண்ணீர் பிடிக்கலாம். உண்மையில் அது லயன்ஸ் கடைக்காரரின் தொலைபேசி அழைப்பைப் போன்றது. எண் சுழற்ற வேண்டும், மறுமுனை எடுக்க வேண்டும், யார் பேசுகிறோம் என்று சொல்ல வேண்டும். முன்னால் சொன்னது நினைவில் இருப்பதால்தான் “அதில் இரண்டைக் குறையுங்கள்” என்ற அடுத்த வாக்கியத்துக்குப் பொருள் வருகிறது. அதே அழைப்பில் இன்னொரு கடைக்காரர் குறுக்கே பேசினால், இரண்டைக் குறைக்க வேண்டியது எதில் என்று எவருக்கும் தெரியாது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இணைப்பு திறக்க முதலில் இரண்டு கணினிகளும் மூன்று செய்திகளில் கைகுலுக்குகின்றன. பிறகு மறையாக்கத்துக்கான சாவிகளை ஒப்புக்கொள்கின்றன. பிறகு கடவுச்சொல் சோதனை. அதன் இயல்பான முறையில் ஒரே கணிதச் செயல் 4,096 முறை திரும்ப நடக்கிறது, திருடன் கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துப் பார்ப்பது கடினமாக வேண்டும் என்பதற்காக. கடைசியில் சர்வர் அந்த ஓர் இணைப்புக்கென்றே தனியாக ஒரு செயல்முறையைப் பிறப்பிக்கிறது. இவ்வளவும் ஆன பிறகுதான் முதல் கேள்வி போகும். இயல்பான அமைப்பில் 100 இணைப்புகளுக்கு மேல் அது ஏற்காது.

செலவைவிட முக்கியமானது, அந்தச் செயல்முறை நினைவில் வைத்திருக்கும் விஷயங்கள். நடப்பில் இருக்கும் பரிவர்த்தனை, பிடித்து வைத்திருக்கும் பூட்டுகள், தற்காலிக அட்டவணைகள், நேர வலயம் போன்ற அமைப்புகள் எல்லாம் இணைப்புக்குச் சொந்தமானவை. வேலைக்குச் சொந்தமானவை அல்ல. இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

பரிவர்த்தனை என்பது தரவுத்தளத் துறையின் மகத்தான கண்டுபிடிப்பு என்று நான் நினைக்கிறேன். பல மாற்றங்களை ஒரு மூட்டையாகக் கட்டி, நடந்தால் எல்லாம் நடக்கட்டும், இல்லையென்றால் எதுவும் நடக்க வேண்டாம் என்று சொல்லும் உரிமை அது. ஜிம் கிரே இதன் கோட்பாட்டைத் தெளிவாக வகுத்தவர். 1998-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. 2007 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகப் படகில் போனவர் திரும்பவில்லை. உலகின் வங்கிக் கணக்குகளும் ரயில் முன்பதிவுகளும் அவர் வகுத்த ஒழுங்கின்மேல் நடக்கின்றன. தோட்டத்துச் சம்பளமும் அப்படித்தான்.

38 கிலோ எங்கே போயிற்று

இப்போது தவறான வழியைப் பார்ப்போம். நிரலில் ஓர் இணைப்பைத் திறந்து எல்லோர் கண்ணுக்கும் படும் பொதுவிடத்தில் வைத்துவிடுகிறோம். மூன்று வேலைகளும் அதையே எடுத்துப் பயன்படுத்துகின்றன. திறக்கும் செலவு ஒரே முறை, நிரலும் சிறியது. வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வரை எந்தக் குறையும் தெரியாது. அதனால்தான் இது ஆபத்தானது.

ஒரு நாள் நிறுவையில் 38 கிலோ தவறுதலாக 117-ஆம் எண்ணில் பதிவாகிவிட்டது. உரியவர் 171-ஆம் எண்காரர். கிராணி திருத்தம் கொடுக்கிறார். மாலை வேலை அந்தத் திருத்தத்தை இரண்டு படியாகச் செய்கிறது: 117-இல் 38 கழி, 171-இல் 38 கூட்டு. முதல் படி முடிந்த அந்தக் கணத்தில், மாலை வேலை நீண்டதால் அதோடு சேர்ந்து ஓடிய இரவு வேலை தன் கணக்கை முடித்து “உறுதிசெய்” என்கிறது. ஒரே இணைப்பு, ஆகவே ஒரே பரிவர்த்தனை. தரவுத்தளத்துக்கு உள்ளே இருப்பது ஒருவரா இருவரா என்று தெரியாது. அதுவரை வந்த அனைத்தையும் நிலையாக எழுதிவிடுகிறது. 117-இல் கழித்ததும் அதில் சேர்த்தி. அடுத்த நொடி மின்சாரம் போகிறது. திரும்பி வந்து பார்த்தால் 38 கிலோ யார் கணக்கிலும் இல்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. தரவுத்தளம் தனக்குச் சொன்னதைச் சரியாகச் செய்திருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு வேலை தோற்றுப்போய் “எல்லாவற்றையும் திரும்பப் பெறு” என்றால், பக்கத்து வேலை ஒழுங்காக எழுதியதும் சேர்ந்து அழியும். வேலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் நாள்களில் மட்டும் நடப்பதால் இந்தப் பிழையைப் பிடிப்பது கடினம். அறுவடை மிகுந்த நாளில் மாலை வேலை நீளும், இரவு வேலையை எட்டும், அன்று கணக்கு தவறும். மறுநாள் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். அதிகமாகக் கொழுந்து எடுத்தவர்களின் கணக்குத்தான் அதிகமாகத் தவறும் என்பதை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அப்படியானால் ஒவ்வொரு வேலையும் தன் இணைப்பைத் தானே திறந்துகொள்ளட்டுமே? கலக்காது, சரிதான். ஆனால் வேலைக்குள் பல துண்டுகள் இருக்கின்றன: எடையைப் படிக்கும் துண்டு, கூலி போடும் துண்டு, குறையைச் சேர்க்கும் துண்டு, பதிவேட்டில் எழுதும் துண்டு. ஒவ்வொன்றும் தனக்கென்று இணைப்பு திறந்தால் நான்கு பரிவர்த்தனைகள். கூலி எழுதியது நிலைத்து, குறை சேர்க்கும் துண்டு தோற்றால், ஒருவருக்கு 1,700-க்குக் குறைவான சம்பளம் எழுதப்பட்டு நிற்கும். கலக்கக்கூடாத இடத்தில் கலந்ததால் முதல் தவறு. சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில் பிரிந்ததால் இரண்டாம் தவறு.

இன்னொரு பொறியும் இதில் இருக்கிறது. இணைப்புகளை ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறப்பது வீண் என்பதால், திறந்த இணைப்புகள் சிலவற்றை ஒரு தொகுப்பில் வைத்துக்கொண்டு கேட்பவருக்குக் கொடுத்து, முடிந்ததும் வாங்கி வைப்பது எல்லோரும் கையாளும் வழக்கம். தொகுப்பில் பத்து இணைப்புகள் என்று வைப்போம். ஒரே சமயத்தில் பத்து வேலைகள். ஒவ்வொரு வேலையும் ஓர் இணைப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் துண்டுக்காக இரண்டாவது ஒன்றைக் கேட்கிறது. பத்தும் வெளியே போய்விட்டன. ஒருவர் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும். இரண்டாவது கிடைத்தால்தான் எவரும் திருப்பிக் கொடுப்பார். எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். இதைத் தவிர்க்க வேண்டிய குறைந்த அளவுக்கு ஒரு சூத்திரம் உண்டு: வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு வேலைக்கு வேண்டிய இணைப்புகளில் ஒன்று குறைத்துப் பெருக்கி, ஒன்று கூட்ட வேண்டும். இங்கே 10 × 1 + 1, அதாவது 11. ஒரு வேலைக்கு ஓர் இணைப்புதான் என்று ஆக்கிவிட்டால் சூத்திரத்தின் விடை 1. எத்தனை வேலைகள் இருந்தாலும் ஒரே ஓர் இணைப்பை வைத்துக்கூட வரிசையில் நின்று எல்லோரும் முடித்துவிடலாம். மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

கேட்காமல் கொடுப்பது

வேலைக்குள் இருக்கும் எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே இணைப்பு. வேறு வேலைக்கு வேறு இணைப்பு. வேண்டியது இது என்று தெரிந்துவிட்டது. இதை எங்கே, யார் முடிவு செய்வது?

குறையைச் சேர்க்கும் துண்டுக்குத் தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று தெரியாது. மாதச் சம்பள வேலைக்குள் ஓடுகிறோமா, நடுவில் விலகிப் போகும் ஒருவருக்குக் கணக்கு முடிக்கும் வேலைக்குள் ஓடுகிறோமா என்பது அதன் அறிவுக்கு அப்பாற்பட்டது. அது இணைப்பைத் தேடிப் போகக்கூடாது. “எனக்கு ஓர் இணைப்பு வேண்டும்” என்று தன் பிறப்பு வரியில், அதாவது கன்ஸ்ட்ரக்டரில், அறிவித்துவிட்டு நிற்க வேண்டும். வெளியே இருந்து அதை உருவாக்குபவர் இணைப்பைக் கையில் கொடுப்பார். இந்த ஏற்பாட்டுக்கு டிபெண்டன்சி இஞ்செக்‌ஷன் என்று பெயர். சார்பு உட்செலுத்தல் எனலாம். ராட் ஜான்சன் 2002-இல் ஜாவா நிரலாளர்களுக்கு எழுதிய நூலோடு வந்த நிரல்களிலிருந்து ஸ்பிரிங் என்ற சட்டகம் (ஃபிரேம்வொர்க்) வளர்ந்தது. அதன் முதல் பதிப்பு 2004 மார்ச்சில். அதே ஆண்டு ஜனவரியில் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரைதான் இந்தப் பெயரைப் பரப்பியது. பெயர் வருவதற்கு முன்பே நல்ல நிரலாளர்கள் இதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

உட்செலுத்தலை விளக்கும் பலர் “சோதனை எளிதாகும்” என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அது உண்மைதான், சோதனையின்போது வேறு தரவுத்தளத்தின் இணைப்பைக் கொடுத்து, முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அதன் பெரும்பயன் வேறு என்பது என் எண்ணம். பகிர்வின் எல்லையை ஒரே இடத்தில் எழுதவைக்கிறது அது. இந்த நான்கு துண்டுகளும் ஒரு பேச்சுக்குள் இருக்கின்றன என்ற முடிவு நான்கு கோப்புகளில் சிதறிக் கிடக்காமல், வேலையைக் கட்டும் ஓரிடத்தில் கண்ணுக்குத் தெரிய நிற்கிறது. புதிதாக வரும் நிரலாளர் அந்த ஓரிடத்தைப் படித்தால் போதும்.

உட்செலுத்தும் சட்டகங்கள் ஒரு பொருளின் ஆயுளை மூன்று விதமாகக் கேட்கும். நிரல் முழுவதற்கும் ஒன்றா, ஒரு வட்டத்துக்கு, அதாவது தொடங்கி முடியும் ஒரு வேலைச் சுற்றுக்கு, ஒன்றா, கேட்கும்போதெல்லாம் புதிதா? இணைப்புத் தொகுப்பு முதல் வகை: நிரலுக்கே ஒன்று போதும், எல்லோரும் பகிரலாம், பகிர்வதற்கென்றே கட்டப்பட்டது. இணைப்பு இரண்டாம் வகை. இணையதளங்களில் இந்த வட்டம் இயல்பாகவே கிடைக்கிறது: ஒருவர் பக்கம் கேட்கிறார், பதில் போகிறது, வட்டம் முடிகிறது. சட்டகங்கள் அந்த வட்டத்தைத் தாமே வரைந்துவிடும்.

ஷெட்யூலரில் அப்படி யாரும் கதவைத் தட்டுவதில்லை. ஷெட்யூலர் நிரல் தொடங்கும்போது பிறந்து நிரல் முடியும்வரை வாழும் ஒற்றைப் பொருள். அதன் கையில் நேரடியாக ஓர் இணைப்பைக் கொடுத்துவிட்டால், வட்டத்துக்கு ஒன்றாக இருக்க வேண்டியது ஒற்றைப் பொருளின் சிறையில் மாட்டிக்கொள்கிறது. மார்க் சீமன் என்ற டென்மார்க் நிரலாளர் இதைச் சிறைப்பட்ட சார்பு என்றே அழைத்தார். நாம் வாசல் வழியாகத் துரத்திய அந்தப் பொது இணைப்பு ஜன்னல் வழியாகத் திரும்பி வந்த கதை இது. டாட்நெட் சட்டகம் நிரலாக்கச் சூழலில் ஓடும்போது இந்தக் கலப்பைக் கண்டுபிடித்து நிரலைத் தொடங்கவே விடாது. பல சட்டகங்கள் வாயைத் திறக்காது.

சிறைப்பட்ட இணைப்புக்கு இன்னொரு நோயும் உண்டு. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம், பேச்சில்லாத இணைப்பை இயல்பாகவே துண்டித்துவிடும். நம் தோட்டத்தில் இரவு 10 மணி வேலை முடிந்தால் மறுநாள் மாலை 6:30 வரை இருபது மணி நேரம் மௌனம். மாலை வேலை எழுந்து தன் பழைய இணைப்பில் பேசினால் மறுமுனையில் ஆள் இல்லை. பகலெல்லாம் நிரலைத் திருத்தித் திருத்திச் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது; அவர் கை ஓய்ந்ததே இல்லை.

தீர்வு, வட்டத்தை நாமே வரைவது. ஷெட்யூலரிடம் இணைப்பைக் கொடுக்காமல், வட்டம் திறக்கும் உரிமையை மட்டும் கொடுக்கிறோம். நேரம் வந்ததும் அது ஒரு வட்டத்தைத் திறக்கிறது. அந்த வட்டத்துக்குள் தொகுப்பிலிருந்து ஓர் இணைப்பு வருகிறது. வேலையும் அதன் நான்கு துண்டுகளும் அதே இணைப்பைக் கையில் பெற்றுப் பிறக்கின்றன. வேலை வென்றால் உறுதி, தோற்றால் திரும்பப் பெறல். பிறகு வட்டம் மூடி இணைப்பு தொகுப்புக்குத் திரும்புகிறது. ஜாவா உலகில் புகழ்பெற்ற குவார்ட்ஸ் ஷெட்யூலர் ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் வேலைப் பொருளைப் புதிதாகவே பிறப்பிக்கிறது. இயல்பாக அது வெறுங்கையோடு பிறக்கும். பிறப்பிக்கும் பொறுப்பை நம் சட்டகத்திடம் ஒப்படைக்க ஒரு கொக்கியை குவார்ட்ஸ் வைத்திருக்கிறது. அந்தக் கொக்கியில்தான் வட்டம் மாட்டப்பட வேண்டும்.

திரும்பிப் போகும் இணைப்பு சுத்தமாகப் போக வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜாவாவின் ஹிகாரி தொகுப்பு, முடிக்காமல் விட்ட பரிவர்த்தனையைத் திரும்பப் பெற்றுவிட்டுத்தான் இணைப்பை உள்ளே வைக்கும். ஆனால் போஸ்ட்கிரெஸில் அமர்வளவில், அதாவது இணைப்பு மூடும்வரை நிலைக்கும்படி, பிடித்த அறிவுறுத்தல் பூட்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். சம்பள வேலை இரண்டு சர்வர்களில் ஒரே சமயம் ஓடி, குறையை இரண்டு முறை சேர்த்துவிடக்கூடாது என்று அந்தப் பூட்டைப் போடுவார்கள். வேலையின் இணைப்பிலேயே, பரிவர்த்தனை முடிந்ததும் தானாக விடுபடும் வகைப் பூட்டைப் போட்டால் இந்தக் கவலை இல்லை. பூட்டு ஓர் இணைப்பில், எழுத்து வேறோர் இணைப்பில் என்று இருந்தால், பூட்டின் இணைப்பு இடையில் அறுந்தபோதும் எழுத்து தொடர்ந்து நடக்கும். அந்த இடைவெளியில் இரண்டாவது சர்வர் நுழைந்துவிடும்.

எத்தனை இணைப்பு போதும்

அதிகம் இருந்தால் வேகம் என்று தோன்றும். தரவுத்தளத்தில் நான்கு செயலி மையங்களும் ஒரு வட்டும் இருந்தால், போஸ்ட்கிரெஸ் பயனர்கள் வகுத்த தொடக்கக் கணக்கு மையங்களின் இருமடங்கோடு வட்டுகளின் எண்ணிக்கை, அதாவது ஒன்பது. அதற்கு மேல் போனால் வேலைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரிசை மாற்றுவதிலேயே பொழுது போகும். ஆரக்கிள் நிறுவனம் காட்டிய ஒரு செயல்விளக்கத்தில் தொகுப்பை 2,048-லிருந்து 96 ஆகக் குறைத்ததும், ஏறத்தாழ 100 மில்லிவிநாடியாக இருந்த பதில் நேரம் 2 மில்லிவிநாடியாக இறங்கியது. நிரலில் வேறெதையும் மாற்றவில்லை.

குவார்ட்ஸ் தன் அட்டவணையையும் தரவுத்தளத்திலேயே வைக்கும்போது, ஒரே சமயத்தில் வேலைகளை ஓட்டும் இழைகளின் (த்ரெட்) எண்ணிக்கையோடு மூன்று கூட்டி இணைப்பு வைக்கச் சொல்கிறது. நம் தோட்டத்துக்கு மூன்று இழைகள், ஆகவே ஆறு இணைப்புகள். ஒரு தோட்டத்தின் மொத்தச் செக்ரோலுக்கும் ஆறே பேச்சுகள் போதும்.

கட்டி முடித்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். தரவுத்தளத்தின் நகலில் அந்த 38 கிலோத் திருத்தத்தையும் சம்பள வேலையையும் ஒன்றாக ஓடவிட்டு, நடுவில் நிரலை வேண்டுமென்றே கொன்றுவிடுங்கள். மீண்டும் தொடங்குவதற்கு முன் அட்டவணையைத் திறந்து 117, 171 ஆகிய இரண்டு எண்களின் எடையையும் கூட்டுங்கள். எந்தக் கணத்தில் கொன்றாலும் கூட்டுத்தொகை மாறக்கூடாது. 1,700-க்குக் குறைவான கூலி எழுதப்பட்ட ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் குறை சேர்த்த வரி இருக்க வேண்டும், அல்லது இரண்டுமே இல்லாதிருக்க வேண்டும். ஐம்பது, நூறு முறை, வெவ்வேறு நேரங்களில் கொன்று பாருங்கள். ஒரு முறை கூட்டுத்தொகையில் 38 குறைந்தாலும், எங்கோ ஒரு துண்டு தன் கையில் கொடுக்காத இணைப்பில் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தத் துண்டைக் கண்டுபிடிக்கும் வரை நிரலைத் தோட்டத்து அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள்.